பெயிண்ட் முதல் ஹேர் ஸ்பிரே வரை: வீட்டுப் பொருட்களில் உள்ள ரசாயனத்துக்கு அரசு ஏன் வரம்பு விதிக்கிறது?

புதிதாக பெயிண்ட் அடித்த அறைக்குள் நுழைந்தால் ஒரு வாடை மூக்கைத் துளைக்கும். சில நாட்களில் அது காணாமல் போய்விடும். போனது எங்கே? ஜன்னல் வழியாக வெளிக்காற்றில்தான்.

காற்று மாசு என்றதும் வாகனப் புகையும் ஆலைகளின் புகைபோக்கியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஹேர் ஸ்பிரே, டியோடரண்ட், கண்ணாடி துடைக்கும் திரவம், பெயிண்ட், தின்னர் என்று அன்றாடம் புழங்கும் பொருட்களும் காற்றைக் கெடுக்கின்றன. இவற்றில் ஆவியாகும் ரசாயனம் எவ்வளவு இருக்கலாம் என்று சட்டம் போட்டு வரம்பு விதித்திருக்கிறது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். 1989-ல் டியோடரண்டில் தொடங்கிய இந்தக் கட்டுப்பாடு, இன்று பல நாடுகள் பின்பற்றும் முன்மாதிரி.

இந்த வரம்புகளால் பலன் கிடைத்தது. கூடவே எதிர்பாராத சிக்கல்களும் வந்தன. ஒரு ரசாயனத்தை வெளியேற்றினால், அதன் இடத்தில் டப்பாவுக்குள் எது வரும் என்ற கேள்விதான் கடந்த 30 ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சட்டங்களைத் துரத்துகிறது. விரிவாகப் பார்ப்போம்.

வி.ஓ.சி என்றால் என்ன?

பெயிண்ட், ஸ்பிரே போன்றவற்றில் உள்ள பல கரைப்பான்கள் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகிவிடும். கார்பன் அடங்கிய இந்தப் பொருட்களுக்கு 'எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்' என்று பெயர். சுருக்கமாக வி.ஓ.சி.

ஆல்கஹால், டொலுவீன், சைலீன், டர்பன்டைன், ஸ்பிரே கேன்களில் இருக்கும் பியூட்டேன், புரோப்பேன் எல்லாம் இந்த வகைதான். எலுமிச்சை வாசனைக்குக் காரணமான லிமொனீனும் ஒரு வி.ஓ.சி தான். ஆக, இயற்கையானது, செயற்கையானது என்ற பேதம் இதில் கிடையாது.

இவை ஆவியாவதில் தவறு ஒன்றும் இல்லை. பெயிண்ட் காய வேண்டும், ஸ்பிரே தலைமுடியில் சட்டென்று உலர வேண்டும் என்றால் கரைப்பான் ஆவியாகித்தான் ஆக வேண்டும். பிரச்சனை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஓசோன் நல்லதா, கெட்டதா?

வெளிக்காற்றில் கலக்கும் வி.ஓ.சி, வாகனங்களும் ஆலைகளும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து, சூரிய ஒளியில் வினைபுரிகிறது. விளைவு, தரைமட்ட ஓசோன்.

ஓசோன் நல்லதுதானே என்று கேட்கலாம். வானத்தில் பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசோன் படலம் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கிறது. அதே வாயு நாம் சுவாசிக்கும் உயரத்தில் இருந்தால் நுரையீரலை எரிச்சலூட்டும், ஆஸ்துமாவைத் தூண்டும், பயிர்களையும் பாதிக்கும். மேலே இருந்தால் குடை, கீழே இருந்தால் நஞ்சு.

வி.ஓ.சி-யின் ஒரு பகுதி மிக நுண்ணிய துகள்களாகவும் மாறுகிறது. நகரங்களில் வெயில் நாட்களில் கண்ணை உறுத்தும் மங்கலான புகைமூட்டம் இவை எல்லாம் சேர்ந்ததுதான்.

அன்னாசி வாசனை விஞ்ஞானி கண்டுபிடித்த உண்மை

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943 ஜூலை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒருநாள் அடர்ந்த புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. ஜப்பான் ரசாயனத் தாக்குதல் நடத்திவிட்டதோ என்றுகூட சிலர் பயந்தார்கள்.

முதலில் சந்தேகம் விழுந்தது நகருக்குள் இருந்த செயற்கை ரப்பர் மூலப்பொருள் ஆலை ஒன்றின் மீது. ஆலை நிறுத்தப்பட்டது. புகைமூட்டம் நிற்கவில்லை.

விடை கிடைக்க கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் ஆயின. கால்டெக் நிறுவனத்தில் பணியாற்றிய, நெதர்லாந்தில் பிறந்த வேதியியலாளர் ஏரி ஹாகன்-ஸ்மிட், அன்னாசி, பூண்டு, வெங்காயம் போன்றவற்றின் வாசனைக்குக் காரணமான சேர்மங்களை ஆராய்ந்து வந்தவர். அதே முறையில் நகரத்தின் காற்றையும் பிரித்துப் பார்த்தார். பெட்ரோலிய ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் சூரிய ஒளியில் சேர்ந்தால் ஓசோன் உருவாகிறது என்பதை 1950-களின் தொடக்கத்தில் நிரூபித்தார். ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும். அந்த நகரில் டயர்கள் சீக்கிரமே வெடிப்பு விட்டதற்கான காரணமும் இதனால் விளங்கியது.

அதாவது, கண்ணை எரித்த பொருளை எந்தப் புகைபோக்கியும் நேரடியாக விடவில்லை. பல இடங்களிலிருந்து வந்த ஆவிகள் வெயிலில் சமைந்து அது உருவானது. ஆகவே ஒரு ஆலையை மூடுவதால் மட்டும் தீராது, ஆவியாகும் ஒவ்வொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது புரிந்தது.

1966-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டம் கரைப்பான்களுக்கென்றே 'விதி 66' என்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே மாநில அளவில் கலிபோர்னியா காற்று வள வாரியம் பிறந்தது. அதன் முதல் தலைவர் வேறு யாருமல்ல, ஹாகன்-ஸ்மிட் தான்.

கார் சரி, ஹேர் ஸ்பிரே மீது ஏன் கை வைத்தார்கள்?

முதல் குறி கார்கள்தான். புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் வந்தன, பெட்ரோலின் தரம் மாறியது, பெட்ரோல் பங்க்கில் கசியும் ஆவியைப் பிடிக்கும் குழாய்கள் வந்தன. ஆண்டுக்கு ஆண்டு ஒரு காரின் மாசு குறைந்தது. ஆனாலும் ஓசோன் அளவு பாதுகாப்பான வரம்புக்குள் வரவில்லை.

அப்போதுதான் சிறிய டப்பாக்களின் பக்கம் பார்வை திரும்பியது. ஒரு வீட்டில் ஒரு ஸ்பிரே கேன் என்பது ஒன்றுமே இல்லைதான். ஆனால் 1990-ல் கலிபோர்னியாவின் மக்கள்தொகை சுமார் 3 கோடி. ஒருவர் ஒரு நாளைக்கு 1 கிராம் கரைப்பானை ஆவியாக விட்டால்கூட, மாநிலம் முழுக்க அது நாளொன்றுக்கு 30 டன். சிறுதுளி பெருவெள்ளம் என்பது மாசுக்கும் பொருந்தும்.

1988-ல் நிறைவேறிய கலிபோர்னியா தூய காற்றுச் சட்டம், நுகர்பொருட்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை வாரியத்துக்குக் கொடுத்தது. 1989-ல் டியோடரண்ட், வியர்வை தடுப்பான்களுக்கும், 1990-ல் ஹேர் ஸ்பிரே, கண்ணாடி கிளீனர், அறை வாசனைப் பொருட்கள் உள்ளிட்டவற்றுக்கும் வரம்புகள் வந்தன. பட்டியல் அதன்பின் நீண்டுகொண்டே போகிறது.

வரம்பு எப்படி வேலை செய்கிறது?

அடிப்படை எளிது. ஒவ்வொரு வகைப் பொருளிலும் எடையில் எத்தனை சதவீதம் வி.ஓ.சி இருக்கலாம் என்று ஒரு எண், அது எந்தத் தேதியிலிருந்து அமலாகும் என்று ஒரு நாள். காலப்போக்கில் அந்த எண் இறங்கிக்கொண்டே வரும்.

சில எடுத்துக்காட்டுகள்:

- ஹேர் ஸ்பிரே: 1993-ல் 80 சதவீதம், 1999-ல் 55 சதவீதம், 2023-ல் 50 சதவீதம்.
- பொதுப் பயன்பாட்டு கிளீனர் (ஸ்பிரே கேன் அல்லாதவை): 1994-ல் 10 சதவீதம், 2004 இறுதியில் 4 சதவீதம், 2012 இறுதியில் 0.5 சதவீதம்.
- பெயிண்ட் தின்னர்: முதலில் 30 சதவீதம், பிறகு 3 சதவீதம்.

இதில் பொறுப்பு முதலில் தயாரிப்பாளருக்கு, அடுத்து விற்பவருக்கு. வாங்கிப் பயன்படுத்தும் சாதாரண மக்களுக்கு அபராதம் எல்லாம் கிடையாது. பொருள் எந்த நாட்டில் தயாரானாலும் பரவாயில்லை, கலிபோர்னியாவில் விற்பனைக்கு வந்தால் வரம்புக்குள் இருக்க வேண்டும். டப்பாவில் தயாரிப்புத் தேதி அல்லது அதற்கான குறியீடு இருப்பது கட்டாயம். புதிய வரம்பு அமலாகும் முன் தயாரான சரக்கை விற்றுத் தீர்க்க பொதுவாக 3 ஆண்டு அவகாசம் உண்டு.

சரி, யார் சோதிப்பது? வாரியத்தின் ஊழியர்களே கடைகளில் பொருட்களை வாங்கி ஆய்வகத்தில் அளந்து பார்க்கிறார்கள். மீறல் தெரிந்தால் நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும்.

நிறுவனங்கள் என்ன சொல்லின?

ஹேர் ஸ்பிரே கதையே இதற்குப் போதும். பழைய ஹேர் ஸ்பிரேயில் பெரும்பகுதி ஆல்கஹாலும் அழுத்த வாயுவும்தான். வி.ஓ.சி-யைக் குறைக்க வேண்டும் என்றால் அந்த இடத்தை நீரால் நிரப்ப வேண்டும். நீர் கூடினால் ஸ்பிரே காய நேரமாகும், முடி ஈரத்தில் துவளும், உலோக கேன் உள்ளே துருப்பிடிக்கும்.

55 சதவீதம் என்ற வரம்பு முதலில் 1998-ல் வருவதாக இருந்தது. தொழில்நுட்பம் தயாராகவில்லை என்று நிறுவனங்கள் முறையிட்டதால், வாரியம் அதை 1999-க்குத் தள்ளிவைத்தது. அந்த இடைவெளியில் புதிய பிசின்கள், நீரோடு கலக்கும் வாயுக்கள், துருப்பிடிக்காத உட்பூச்சு என்று வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட பொருள் கடைக்கு வந்துவிட்டது.

சட்டத்திலும் நெளிவு சுளிவுகள் உண்டு. ஒரு நிறுவனம் ஒரு பொருளில் வரம்பை மீறி, இன்னொரு பொருளில் கூடுதலாகக் குறைத்து, மொத்தத்தில் கணக்கைச் சரிக்கட்டலாம். வரம்பை மீறினாலும் குறைவான அளவே செலவாகும் புதுமையான வடிவமைப்பு என்றால், அதை நிரூபித்து விலக்கு பெறலாம்.

பெயிண்டுக்கு மட்டும் ஏன் 'லிட்டருக்கு கிராம்' கணக்கு?

பெயிண்டில் வி.ஓ.சி-யை சதவீதத்தில் அல்ல, ஒரு லிட்டரில் எத்தனை கிராம் என்று அளக்கிறார்கள். 1998-ல் அமெரிக்க மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சுவருக்கு அடிக்கும் பளபளப்பில்லாத பெயிண்டுக்கு லிட்டருக்கு 250 கிராம் என்று நாடு தழுவிய வரம்பு விதித்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியின் காற்றுத் தர நிர்வாகம் அதே பெயிண்டுக்கு வைத்திருக்கும் வரம்பு 50 கிராம். ஐந்தில் ஒரு பங்கு!

ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் கொண்டுவந்த சட்டப்படி, வீட்டுக்குள் அடிக்கும் மேட் வகை நீர் பெயிண்டுக்கு 2007-ல் 75 கிராமும், 2010-ல் 30 கிராமும் வரம்பு.

அப்படியானால் ஐரோப்பாதான் கண்டிப்பானதா? அவசரப்பட்டு ஒப்பிட முடியாது. அமெரிக்காவில் சுவர் பெயிண்டில் உள்ள நீரைக் கழித்துவிட்டு மீதியில்தான் கிராம் கணக்குப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் நீரை ஊற்றியே எண்ணைக் குறைத்துவிடலாம் என்பது அவர்கள் வாதம். ஐரோப்பாவில் அடிக்கத் தயாராக இருக்கும் பெயிண்டை நீரோடு சேர்த்தே அளக்கிறார்கள். பாலைத் தண்ணீரோடு அளப்பதற்கும் தண்ணீர் இல்லாமல் அளப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான். எண் ஒன்றாக இருந்தாலும் அர்த்தம் வேறு.

பிரான்ஸ் இன்னொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. டப்பாவுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, சுவரில் அடித்த பிறகு அறைக்குள் எவ்வளவு வெளியாகிறது என்று அளந்து, பொருளின் மீதே தர எழுத்து அச்சிட வேண்டும் என்று 2012 முதல் கட்டாயமாக்கியது.

ஸ்பிரே கேன் வாயு: ஒரு தொடர்கதை

இங்கேதான் அந்த முக்கியமான கேள்வி வருகிறது. ஒன்றை வெளியேற்றினால் எது உள்ளே வரும்?

ஸ்பிரே கேனுக்குள் இருக்கும் அழுத்த வாயுவை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் அது குளோரோ ஃப்ளூரோ கார்பன். வானத்து ஓசோன் படலத்தை அது அரிக்கும் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் ஆகியோர் 1974-ல் எச்சரித்தனர். பின்னாளில் இதற்காக நோபல் பரிசும் பெற்றனர். 1978-ல் பெரும்பாலான ஸ்பிரே கேன்களில் அந்த வாயுவை அமெரிக்கா தடை செய்தது.

அந்த இடத்துக்கு வந்தவை பியூட்டேன், புரோப்பேன். நம் சமையல் காஸ் சிலிண்டரில் இருக்கும் அதே வாயுக்கள். மேல் ஓசோன் தப்பித்தது. ஆனால் இவை வி.ஓ.சி என்பதால் கீழ் ஓசோன் கூடியது.

பிறகு வி.ஓ.சி வரம்பு வந்தது. அதைச் சமாளிக்க சில நிறுவனங்கள் எச்.எஃப்.சி-152ஏ என்ற வாயுவுக்கு மாறின. அது மெதுவாகவே வினைபுரியும் என்பதால் வி.ஓ.சி கணக்கில் வராது. ஆனால் கார்பன் டை ஆக்சைடைவிட 100 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும்.

இப்போது நைட்ரஜன் போன்ற அழுத்தப்பட்ட சாதாரண வாயுக்களை ஊக்குவிக்கும் வகையில் கலிபோர்னியா 2021-ல் விதிகளைத் திருத்தியிருக்கிறது. ஒரே கேன், நான்கு தலைமுறை வாயு. ஒவ்வொரு முறையும் ஒரு பிரச்சனை தீர்ந்தது, அடுத்த பிரச்சனை தலைகாட்டியது.

மெக்கானிக்குகளின் கை மரத்துப்போனது ஏன்?

வாயு மாற்றத்தின் பாதிப்பு வானத்தில். இன்னொரு மாற்றத்தின் பாதிப்பு மனிதர்களின் கையிலேயே தெரிந்தது.

கார் பிரேக்கில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க மெக்கானிக்குகள் பிரேக் கிளீனர் ஸ்பிரே பயன்படுத்துவார்கள். இவற்றில் குளோரின் கலந்த கரைப்பான்கள் இருந்தன. தீப்பிடிக்காது, நன்றாகத் துடைக்கும். ஆனால் புற்றுநோய் அபாயம் காரணமாக அவற்றின் மீது நெருக்கடி அதிகரித்தது. மாற்றாக ஹெக்ஸேனும் அசிட்டோனும் கலந்த ஸ்பிரேக்கள் 1990 வாக்கில் சந்தைக்கு வந்தன.

ஹெக்ஸேன் நரம்புகளைத் தாக்கும். நாள்தோறும் கேன் கேனாகப் பயன்படுத்திய சான் பிரான்சிஸ்கோ பகுதி மெக்கானிக்குகள் சிலருக்கு கை, கால்கள் மரத்துப்போயின. 1999, 2000 ஆண்டுகளில் கண்டறியப்பட்ட இந்த பாதிப்புகள் 2001-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் வெளியாயின. கூடவே இருந்த அசிட்டோன், ஹெக்ஸேனின் நச்சுத்தன்மையை அதிகரித்திருக்கலாம் என்பது நிபுணர்கள் கருத்து.

வெளிக்காற்றைக் காக்கும் விதி ஒன்று, தொழிலாளியின் உடலைக் காக்கும் விதி இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் பாதிப்பு ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

இதனால் வி.ஓ.சி வரம்போடு நச்சுப் பொருட்களுக்கு நேரடித் தடையும் சேர்ந்தது. வாகனப் பராமரிப்பு கிளீனர்களில் பெர்குளோரோ எத்திலீன், மெத்திலீன் குளோரைடு, ட்ரைகுளோரோ எத்திலீன் ஆகிய மூன்றையும் தடை செய்ய 2000-ல் கலிபோர்னியா முடிவெடுத்தது. கழிப்பறைகளில் போடும் வாசனைக் கட்டிகளில் இருந்த பாரா டைகுளோரோ பென்சீனுக்கும் 2004-ல் தடை முடிவானது. பெயிண்டை உரிக்கும் திரவத்தில் இருந்த மெத்திலீன் குளோரைடின் ஆவி, மூடிய குளியலறைகளில் வேலை செய்த தொழிலாளர்களின் உயிரைப் பறித்தது. பொதுமக்களுக்கு அதை விற்க 2019-ல் மத்திய முகமை தடை விதித்தது.

விலக்குப் பட்டியலில் இருப்பவை எவை?

எல்லா ஆவியும் ஒரே வேகத்தில் ஓசோன் ஆவதில்லை. மிக மெதுவாக வினைபுரிபவற்றுக்கு விலக்கு உண்டு. நகப் பூச்சு அழிக்கும் அசிட்டோன் 1995-ல் மத்திய அரசின் விலக்குப் பட்டியலில் சேர்ந்தது. வி.ஓ.சி வரம்பு இறுகியபோது தின்னர் தயாரிப்பாளர்கள் அசிட்டோன் பக்கம் சாய்ந்தார்கள். ஆனால் அது பழைய தின்னரைவிட எளிதில் தீப்பற்றும். தீயணைப்புத் துறையினர் கவலை தெரிவிக்க, எச்சரிக்கை வாசகம் பற்றிய விதிகளும் சேர்ந்தன.

இரண்டாவது, மிக மெதுவாக ஆவியாகும் கரைப்பான்களுக்கான விலக்கு. இவை துணியிலும் தரையிலும் தங்கிவிடும், காற்றுக்குப் போகாது என்பது அனுமானம். ஆனால் இவற்றில் சில, போதிய நேரம் கொடுத்தால் ஆவியாகிவிடுகின்றன என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின.

மூன்றாவது, வாசனைப் பொருளுக்கான சலுகை. 2 சதவீதம் வரை நறுமணம் கணக்கில் சேராது. எலுமிச்சை வாசனை தரும் லிமொனீன் வீட்டுக்குள் வரும் ஓசோனோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடையும் நுண்துகளையும் உண்டாக்கும் என்பது தெரியவந்த பிறகு, இந்தச் சலுகையைச் சுருக்கவும் 2021 திருத்தம் வழி செய்தது.

எடையைவிட முக்கியமானது எது?

'எத்தனை கிராம்' என்று மட்டும் கேட்டால் போதுமா, 'எவ்வளவு ஓசோன்' என்று கேட்க வேண்டாமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் ரிவர்சைடில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கார்ட்டர். ஒவ்வொரு கரைப்பானும் ஒரு கிராமுக்கு எத்தனை கிராம் ஓசோனை உருவாக்கும் என்று அவர் அட்டவணை தயாரித்தார். அதன்படி, ஒரு கிராம் டொலுவீன் உருவாக்கும் ஓசோன், ஒரு கிராம் அசிட்டோன் உருவாக்குவதைப்போல 10 மடங்குக்கும் அதிகம்.

இந்த அட்டவணையை வைத்து, ஸ்பிரே பெயிண்டுக்கு எடை வரம்பை நீக்கிவிட்டு 'ஓசோன் வரம்பு' கொண்டுவர 2000-ல் கலிபோர்னியா முடிவெடுத்தது. 2008-ல் மத்திய அரசும் அதே வழிக்கு வந்தது. மோசமான ஒரு கரைப்பானைச் சிறிதளவு மாற்றினாலே பெரிய பலன் கிடைக்கும் என்பதால் நிறுவனங்களுக்கும் இது வசதி.

பலன் கிடைத்ததா?

லாஸ் ஏஞ்சல்ஸின் காற்று 1950-களைவிட இன்று எவ்வளவோ மேல். அதே சமயம், அமெரிக்காவின் ஓசோன் தர அளவை அந்தப் பகுதி இன்னும் எட்டவில்லை.

2018-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. எடைக் கணக்கில் பார்த்தால் மக்கள் பயன்படுத்தும் எரிபொருள், ரசாயனப் பொருட்களைவிட சுமார் 15 மடங்கு அதிகம். ஆனாலும் தொழில்வளர்ச்சி பெற்ற நகரங்களில், பெட்ரோலியம் சார்ந்த வி.ஓ.சி மாசில் ஏறக்குறைய பாதி பெயிண்ட், பிசின், கிளீனர், வாசனைப் பொருட்கள் போன்றவற்றிலிருந்து வருவதாக அந்த ஆய்வு கணக்கிட்டது.

எப்படி? பெட்ரோல் மூடிய டாங்கியில் இருந்து எஞ்சினில் எரிகிறது. காற்றுக்குத் தப்புவது சிறு பகுதி. கரைப்பானின் வேலையே ஆவியாவதுதான். அதில் பெரும்பகுதி காற்றுக்கே போகிறது. கார்கள் சுத்தமாகச் சுத்தமாக, மீதமிருக்கும் மாசில் டப்பாக்களின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. வரம்பு தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. முன்பு கார் புகைக்குப் பின்னால் மறைந்திருந்தது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

மற்ற நாடுகளில்?

அமெரிக்க மத்திய அரசின் நுகர்பொருள் விதி 1998-ல் வந்தது. அது கலிபோர்னியா அளவுக்குக் கடுமையானது அல்ல. அதனால் வடகிழக்கு மாநிலங்கள் பல, கலிபோர்னியாவை ஒட்டிய வரம்புகளைத் தாங்களாகவே கொண்டுவந்தன. இரண்டு விதமாகத் தயாரிப்பது செலவு என்பதால், பல நிறுவனங்கள் கடுமையான வரம்புக்கேற்ற பொருளையே எங்கும் விற்கின்றன.

ஹாங்காங் 2007 முதல் பெயிண்ட், அச்சு மை, நுகர்பொருட்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. கனடாவில் சுமார் 130 வகைப் பொருட்களுக்கான வரம்பு 2024 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 சட்டம் பெயிண்ட், வார்னிஷ் மற்றும் வாகனங்களுக்கு மறுபூச்சு அடிக்கும் பொருட்களுக்கானது.

இந்தியாவில் தரைமட்ட ஓசோனுக்குத் தேசிய அளவில் தர அளவு உண்டு. 2009 அறிவிக்கைப்படி 8 மணி நேர சராசரி ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற கட்டாய விதியும் 2017 நவம்பர் முதல் அமலில் இருக்கிறது. ஆனால் ஈய வரம்பு வேறு, வி.ஓ.சி வரம்பு வேறு. 'ஈயம் இல்லை' என்று டப்பாவில் இருந்தால் ஆவி குறைவு என்று அர்த்தம் இல்லை.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை என்ன?

- 'லோ வி.ஓ.சி' என்பது எடைக் கணக்கு. நச்சே இல்லை என்ற உத்தரவாதம் அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் லேபிளில் பாருங்கள்.
- வாடை இல்லாவிட்டால் ஆவி இல்லை என்று அர்த்தமல்ல. நல்ல வாசனை என்றால் நல்ல காற்று என்றும் அர்த்தமல்ல.
- பெயிண்ட், தின்னர், பிசின், ஸ்பிரே எதைப் பயன்படுத்தினாலும் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். குளியலறை, ஸ்டோர் ரூம் போன்ற மூடிய இடங்களில் கூடுதல் கவனம் தேவை.
- அசிட்டோன் கலந்த பொருட்களை அடுப்பு, விளக்கு, சிகரெட் நெருப்பின் அருகே திறக்க வேண்டாம்.
- நீரால் கலக்கும் பெயிண்ட், ஸ்பிரேவுக்குப் பதில் பம்ப் பாட்டில் அல்லது ரோல்-ஆன் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.
- தொழிலாகவே இவற்றைத் தினமும் கையாளும் பெயிண்டர், மெக்கானிக், பியூட்டி பார்லர் ஊழியர்களுக்கு கை, கால் மரத்தல், தலைசுற்றல் தொடர்ந்தால், பயன்படுத்தும் பொருளின் பெயரோடு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

கலிபோர்னியாவின் பட்டியல் இன்னும் முடியவில்லை. 2021 திருத்தத்தில் உள்ள மாற்றங்களே படிப்படியாக பல ஆண்டுகளுக்கு நீள்கின்றன. அங்கு ஒவ்வொரு புதிய வரம்பும் வரும்போது இப்போது இரண்டு கேள்விகள் சேர்ந்தே கேட்கப்படுகின்றன: எதை எடுக்கிறோம், அதற்குப் பதில் எதை வைக்கிறோம். முதல் கேள்வியை மட்டும் கேட்டதற்கான விலையைக் கொடுத்தவர்களில் அந்த மெக்கானிக்குகளும் உண்டு.